அறுபத்து நாலாவது வாசல்

ஜெய்னுலாப்தீன் குடும்பத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் நடக்கத் தொடங்குவார்கள். குடும்பத்து வீடு அத்தனைக்கும் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, தெரிந்தும் தெரியாமலும் செய்ததையெல்லாம் பொருந்திக்கொள்ளும்படி கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "பொருந்திக்கிட்டேன்" என்று சொல்லி ஒரு வாய் சீனி கொடுப்பார். பொருந்திக்கொள்வது என்றால் மன்னித்துவிடுவது. மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர்தான் மன்னிக்க முடியும், அல்லாஹ்கூட அதில் தலையிடமாட்டான் என்பது நம்பிக்கை.

இந்தப் பழக்கம் எல்லா ஊர் முஸ்லிம்களிடமும் உண்டு. ஜெய்னுலாப்தீன் குடும்பத்தில் அதற்குச் சட்டமும் உண்டு. ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிக்க வேண்டும். அங்கே முப்பத்தொன்பது வீடு, இங்கே இருபத்தைந்து. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போகலாம். ஊருக்குள் நடைதான். ஒரு வாசலை விட்டாலும் பயணம் கூடாது. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் எழுதியில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பலமுறை சொல்லியிருக்கிறார். குடும்பம் கேட்டுக்கொண்டு தலையாட்டும், பிறகு நடக்கப் போகும்.

சட்டம் போட்டவர் பெரிய ஜெய்னுலாப்தீன். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்து வந்து, அய்யனார் கோவில் போகிற வழியில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தவர். பதினொரு பிள்ளைகள். அவர் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போகுமுன் மகாராஜபுரத்தில் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். கிணற்றுத் தண்ணீர் தகராறில் தம்பியை ஒருமுறை ஊர் நடுவில் கை நீட்டி அடித்திருந்தார். தம்பி வெளியே வரவில்லை. இவர் வேப்பமரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு தம்பி வந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னார். அதிலிருந்து, வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காக்க வைக்கலாம், காத்திருப்பவர் கோபப்படக் கூடாது என்பதும் சட்டமாயிற்று.

பதினொரு பிள்ளைகளின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். யாரைக் கேட்டாலும் இன்னொருவர் இரண்டு வழியில் சொந்தமாக இருப்பார். சப்ரீன் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒருமுறை இந்தக் குடும்பத்தைக் கணினியில் வரைந்து பார்த்தாள். மரமாக வரவில்லை. மின்சுற்று வரைபடம் போல, போன கோடு திரும்பி வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டியது. இரண்டு ஊர் ஜமாஅத்தும் சேர்த்து நூற்றுப் பத்து வீடுகள்தான். அதில் அறுபத்து நாலு இவர்களுடையது. ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் அது வெளியே போகாது. வெளியே என்று ஒன்று கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு பேச்சுதான் சப்ரீனின் அம்மா நசீமாவின் மேல் இருபத்தொன்பது வருடம் சுற்றியது.

நசீமா அந்தக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவரின் ஒரே மகள். குடும்பத்துக்கு வெளியே பெண் எடுத்த முதல் ஆள் அவள் கணவன் இம்ரான். அவன் அண்ணன் தம்பி ஐந்து பேரில் கடைக்குட்டி. பேண்டேஜ் துணி ஏற்றும் வண்டி ஓட்டினான். மூத்த அண்ணன் மனைவி ஹஃபீஸாதான் ராஜபாளையத்தில் அந்தப் பெரிய வீட்டை நடத்தினாள். மாமியார் இல்லாத வீட்டில் அவள் வைத்ததுதான் வரிசை. யார் எப்போது குளிப்பது, எந்த மருமகள் எந்த அடுப்பு என்பது வரை அவள் சொல்ல வேண்டும். கெட்டவள் என்று யாரும் சொன்னதில்லை. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ராத்திரி முழுக்க உட்காருவாள். ஆனால் தன் வரிசையில் யாராவது குறுக்கே வந்தால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

1996-இல் சங்கரன்கோவில் ரோட்டில் இம்ரானின் வண்டி கவிழ்ந்தது. நசீமாவுக்கு வயது இருபத்தெட்டு. சப்ரீனுக்கு ஒன்பது.

கணவன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். கணவன் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது. அந்நிய ஆண் பார்வையில் படக் கூடாது. நசீமா பெரிய வீட்டின் பின்னறையில் வெள்ளைச் சேலையுடன் உட்கார்ந்தாள். பதினேழாம் நாள் காலையில் ஹஃபீஸா வந்தாள். மறுநாள் கடையநல்லூரிலிருந்து தன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டில் இந்த நிலையில் ஒருத்தி இருப்பது சரிப்படாது, பத்தே நாள், தானே வண்டி அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். நசீமா முடியாது என்று சொன்னாள். இத்தாவில் வாசல் தாண்டினால் மார்க்கத்தில் குற்றம் என்று அழுதாள். ஹஃபீஸா பையைக் கட்டி ஆட்டோவில் வைத்துவிட்டாள்.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டு வரைதான். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ். புருஷன் இறந்து பதினேழு நாள் ஆன பெண், பட்டப்பகலில், வெள்ளைச் சேலையில், ஊர் முழுக்கப் பார்க்க ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மூடியதாலேயே எல்லோரும் பார்த்தார்கள். சப்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்குகிறவரை அந்த முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் பார்த்தவர்கள் பெரிய வீட்டில் போய்க் கேட்டார்கள். ஹஃபீஸா சொன்ன பதில் அன்று சாயங்காலமே இங்கே வந்து சேர்ந்தது.

"சொல்லச் சொல்லக் கேக்கல. இத்தாவுல உக்கார மாட்டேன்னு அவளாத்தான் பஸ்ஸேறிட்டா."

வண்டி வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை, நாற்பதாம் நாளும் வரவில்லை. நசீமா அப்பா வீட்டில் ஒரு அறைக்குள் மீதி நாளை ஒன்று விடாமல் இருந்து முடித்தாள். யாரும் நம்பவில்லை. 'இத்தா முறிச்சவ' என்ற பெயர் விழுந்துவிட்டது. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டும்போது அவளைப் பின்வரிசைக்கு நகர்த்தினார்கள். சப்ரீனுக்கு மூன்று இடத்திலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. மூன்றும் அம்மாவின் இத்தாவைக் கேட்டு நின்றது. நாலாவது இடத்தைச் சப்ரீனே வேண்டாமென்றாள்.

நசீமா வேலைக்குப் போனாள். ராஜபாளையம் வட்டாரத்தில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை. வெளுத்து வருகிற துணியை அகலம் பார்த்துக் கிழித்து, கை இயந்திரத்தில் இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் சுருட்டினாள். முதலாளிகள் மாறினார்கள். அவள் சுருட்டிய உருளை மட்டும் மாறவில்லை. எதை எடுத்து அளந்தாலும் விட்டம் ஒன்றாக இருக்கும். சப்ரீன் பின்னாளில் கருவியியல் டிப்ளமா முடித்து, சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் கிருமிநீக்கும் இயந்திரங்களின் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, அம்மாவின் கை எந்த அளவுமானியைவிடவும் நம்பகமானது என்று புரிந்துகொண்டாள். பஞ்சுத் தூசி நுரையீரலில் இறங்கிக்கொண்டிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

2009-இல் ஹஃபீஸா கணவரோடு ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தாள். அறுபத்து மூன்று வாசல் முடித்து, கடைசியாக மடவார் வளாகத்துக்கு வந்தாள். நசீமா வாங்க அக்கா என்று கூப்பிட்டு, பாய் விரித்து, ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். ஒரு மரியாதையும் குறையவில்லை. ஹஃபீஸா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள்.

"எதுக்குன்னு சொல்லிக் கேளுங்கக்கா," என்றாள் நசீமா.

"எல்லாத்துக்கும் மொத்தமாத்தான் நசீமா."

"மொத்த வியாபாரம் ஒங்க வீட்டுல. நான் சில்லறைக்காரி. எதுக்குன்னு சொல்லுங்க. தெருவுல சொன்னதத் தெருவுல நின்னு மாத்திச் சொல்லுங்க. அந்த நிமிசமே பொருந்திக்கிறேன்."

ஹஃபீஸாவின் கணவர் வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அந்த நாள் வரை உண்மை தெரியாது என்று சப்ரீன் நினைத்தாள். ஹஃபீஸா எழுந்து போனாள். அந்த வருடம், நசீமா பொருந்திக்கொண்ட அவர் மட்டும் ஹஜ்ஜுக்குப் போனார். ஹஃபீஸாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னார்கள். அந்த வலி எந்த வாசலில் வந்தது என்று இரண்டு ஊருக்கும் தெரியும்.

அன்றைக்கு நசீமா புரோட்டா வாங்கி வரச் சொன்னாள். நாலு தின்றாள். சப்ரீன் அம்மாவை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ஒரு சொல். சின்னச் சொல். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக்காரியை ஊரிலேயே உட்கார வைத்துவிட்டாள். அதன்பிறகு வருடாவருடம் ஹஜ் விண்ணப்பம் தொடங்கும்போது நசீமா கேட்பாள், "இந்த வருசம் போட்டுருக்காளா?" இல்லை என்று தெரிந்ததும் வேலைக்குக் கிளம்புவாள். மாத்திரை செய்யாத வேலையை அது செய்தது. ஹஃபீஸாவின் கணவர் இறந்தார். தம்பிமார் போய்வந்தார்கள், நாத்தனார் போனாள், பேரப்பிள்ளைகள் உம்ரா என்கிற சின்ன யாத்திரைக்குப் போனார்கள். ஹஃபீஸா வழியனுப்ப வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

சென்ற ஆண்டு ஹஃபீஸாவின் மகன் ஷமீர், வயதானவர்கள் ஒதுக்கீட்டில் அம்மாவுக்கும் துணைக்குத் தனக்கும் விண்ணப்பித்தான். பெயர் வந்துவிட்டது. நசீமா அதைக் கேட்டபோது ஆக்சிஜன் உருளையோடு வீட்டில் இருந்தாள். "எழுவத்து நாலு வயசுல வாரா. வரட்டும்," என்றாள். பாயைத் தட்டி வைக்கச் சொன்னாள்.

ஹஃபீஸா வர மே மாதம் ஆகும். நசீமா ஏப்ரல் வரைதான் இருந்தாள்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஏப்ரல் பதினொன்று, மத்தியானம். முகத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே காற்றைத் தள்ளும் மாஸ்க். திரையில் ஆக்சிஜன் எண்பத்து நாலு. பக்கத்து வீட்டுப் பரிபூரணம் கஞ்சி கொண்டுவந்து கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாள். நசீமா மாஸ்க்கைக் கையால் பிடுங்கினாள்.

"ஹஃபீஸாக்காட்ட சொல்லிரு. பொருந்திக்கிட்டேன்."

"மாஸ்க்கப் போடுங்கம்மா."

"சொல்லிருவியா?"

"சொல்றேன். போடுங்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

ஹஃபீஸா மையித்தின் முகம் பார்க்க வந்தாள். பெண்கள் கூட்டத்தில் நசுங்கி முன்னே வந்து, சப்ரீனின் கையைப் பிடித்து, எதாவது சொன்னாளா என்று காதருகில் கேட்டாள். சப்ரீன் கையை இழுத்துக்கொண்டாள். இப்போது அதற்கா நேரம் என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை. அது வரை இல்லை.

அதற்குப் பிந்திய நாட்களில் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு பொங்கினாள், பாதியைக் கொட்டினாள். அம்மாவின் மேல்தான் அவளுக்குக் கோபம். இருபத்தொன்பது வருடம் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கடைசி மத்தியானத்தில் கையைத் திறந்து சும்மா விட்டுவிட்டாள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை எங்கே போனது? பஸ்ஸில் ஆடிய முழங்காலைப் பிடித்திருந்தவளைக் கேட்டாளா? எண்பத்து நாலில் மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போவதில்லை. அந்த நிலையில் ஒரு கருவி காட்டும் அளவை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். தள்ளிவிட்டு மறுபடி அளப்பார்கள். மறுபடி அளக்க அம்மா இல்லை. ஆகவே அந்த அளவு செல்லாது. இப்படிச் சப்ரீன் முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் ஒவ்வொரு நாளும் மறுபடி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பரிபூரணம் விடவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள், "ஏட்டி, சொல்லிட்டியா?"

"சொல்லணும்க்கா."

"செத்தவ சொன்ன சொல்ல மடியில கட்டி வச்சிக்கிட்டு அலையாத. எறக்கி வையி."

மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. ஷமீர் முதலில் இறங்கி அம்மாவின் முழங்கையைப் பிடித்தான். ஹஃபீஸா தெருமுனையிலேயே இறங்கி நடந்து வந்தாள். ஊருக்குள் நடைதான் என்ற சட்டத்தை அவள் மீறவில்லை. கையில் ஊன்றுகோல். ஸ்ரீவில்லிபுத்தூர் வெயில் அதற்குள் ஏறியிருந்தது.

சப்ரீன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே போட்டாள்.

"செத்த நேரம் உக்காருங்க பெரியம்மா. சோறு வடிச்சிட்டு வாரேன்."

உள்ளே போய் அரிசியைக் கழுவினாள். வடித்தாள். பிறகு அலமாரியைத் துடைத்தாள். அம்மாவின் மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஹஃபீஸா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஷமீர் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முகம் சிவந்திருந்தது. ஒருமுறை வாசல்வரை வந்தான். ஹஃபீஸா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கோபப்படக் கூடாது என்று சொன்னது கேட்டது. பரிபூரணம் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சப்ரீன் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள்.

பதினொன்றே முக்காலுக்குச் சப்ரீன் வெளியே வந்தாள். நாலைந்து வீட்டு வாசல்களில் ஆட்கள் வேலை இல்லாமல் நின்றார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"அம்மா போட்ட கண்டிசன் ஒங்களுக்குத் தெரியும் பெரியம்மா."

"தெரியும்."

ஹஃபீஸா ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள். ஷமீர் பிடிக்க வந்தான். வேண்டாமென்று தள்ளினாள். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நசீமா இத்தாவ முறிக்கல. நாந்தான் அனுப்புனேன். எம் மகளப் பொண்ணு பாக்க வாராகன்னு, பத்து நாள்ல கூப்புட்டுக்கிறேன்னு பொய் சொல்லி, அழுக அழுக ஆட்டோவுல ஏத்துனேன். அவளாப் போனான்னு ஊருக்குச் சொன்னதும் நாந்தான். எங்க வீட்டு ஆளுகளுக்கும் அப்பிடியேதான் சொன்னேன். அவ பத்தினியா இருந்து முடிச்சா."

ஷமீரின் குடை தாழ்ந்தது. அவனுக்கும் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

சப்ரீன் இதை எத்தனையோ முறை மனதில் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் ஹஃபீஸா திணறுவாள், பாதியில் நிறுத்துவாள், இவள் இன்னும் என்று கேட்பாள். நடந்தது ஒரு நிமிடம்கூட இல்லை. ஹஃபீஸா ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் போலச் சொல்லி முடித்துவிட்டாள். தெரு அப்படியே இருந்தது. எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவள் மையவாடியில் ஒரு மாதமாகப் படுத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே வாய் இதே சொல்லைச் சொல்லியிருந்தால் அம்மா பாயில் உட்கார்ந்து கேட்டிருப்பாள். பதினாறு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் டீயை ஆறவிட்டுக் கேட்டிருப்பாள். வழி தெரியாமல் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர்.

ஹஃபீஸா திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"இப்பச் சொல்லு தாயி. போகும்போது எதாச்சும் சொன்னாளா?"

"நீங்க ஒரு மாசம் பிந்திட்டீங்க பெரியம்மா," என்றாள் சப்ரீன். "அம்மா ஒண்ணும் சொல்லாமத்தான் போனாங்க."

ஹஃபீஸாவின் ஊன்றுகோல் தரையில் இரண்டு தடவை தட்டியது. நீயாவது பொருந்திக்கொள் என்று கேட்டாள். சப்ரீன், தன் வழக்கு தனி, போய்விட்டு வாருங்கள் பார்க்கலாம் என்றாள். சீனி கொடுக்கவில்லை. ஷமீர் அம்மாவை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனான்.

பரிபூரணம் செம்பை எடுக்க வந்தாள். குனிந்து எடுத்தாள். நிமிர்ந்தாள்.

"ஒங்க மார்க்கத்துச் சமாச்சாரத்துல நான் வாயத் தொறக்க மாட்டேன். என் காதுலயும் விழுந்துச்சு, அம்புட்டுத்தான். ஆனா ஒண்ணு. இனிமே எங்க வீட்டு முருங்கக்காய்க்கு வந்து நிக்காத."

ஹஃபீஸா இந்த முறை பயணத்தை நிறுத்தவில்லை. ஹஜ்ரத் அவளை உட்கார வைத்துப் பேசியதாகக் கேள்வி. இறந்தவளுக்காக அங்கே போய் துஆ செய், அவளிடம் கேட்க வேண்டியதை அல்லாஹ்விடம் கேள் என்றாராம். மே கடைசியில் சென்னையிலிருந்து விமானம். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் நூற்று எண்பத்தேழு பேர். ஷமீர் தினமும் படம் போட்டான். தங்கும் அறை, பஸ், தண்ணீர்ப் பாட்டில்கள், வெள்ளை உடுப்பில் சுருங்கிப்போன ஹஃபீஸா.

சப்ரீன் ஒரு படத்தையும் விடவில்லை. இதுதான் அவளுக்குக் கிடைத்தது. அம்மா அந்தக் கிழவியை ஊரில் நிறுத்தி வைத்தாள். மகள் அதைவிட ஒரு படி மேலே போயிருந்தாள். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட ஒன்றுக்காக அவளைக் கடல் தாண்டி அனுப்பி, நாற்பது நாள் அழ விட்டிருந்தாள்.

அரஃபா நாள் ஜூன் முதல் வாரத்தில் வந்தது. ஹஜ்ஜின் உச்சமே அந்த ஒரு பகல்தான். அந்த மைதானத்தில் நின்று கேட்பது கிடைக்கும் என்பார்கள். சாயங்கால ஷிஃப்டில் இயந்திரம் சூடேறிக்கொண்டிருந்தபோது ஷமீரின் வீடியோ வந்தது. சப்ரீன் காதில் மாட்டிக் கேட்டாள். நாற்பத்தைந்து டிகிரி என்று எழுதியிருந்தான். ஹஃபீஸா நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். சுற்றி ஆயிரம் குரல். அதற்கு நடுவில் ஒரு கிழட்டுக் குரல், தெற்கத்தித் தமிழில், அல்லாஹ்வைக் கூப்பிடவில்லை.

"நசீமா. ஏட்டி நசீமா. ஒரு தடவ சொல்லிரு."

சப்ரீன் அதை மறுபடி கேட்டாள். பிறகு ஷமீரின் எண்ணைத் திறந்து, 'அம்மா பொருந்திக்கிட்டாங்கன்னு பெரியம்மாட்ட சொல்லு' என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. சூரியன் அங்கே மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். இயந்திரம் வெப்பநிலையை எட்டிவிட்டதாக ஒலி எழுப்பியது. அவள் எழுதியதை அழித்துவிட்டு, அளவைக் குறித்தாள்.

ஜூலை முதல் வாரத்தில் திரும்பினார்கள். ஹஜ்ஜிலிருந்து வந்தவர்களை மற்றவர்கள்தான் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது வழக்கம். ஹஃபீஸா அதற்குக் காத்திருக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் மடவார் வளாகத்துக்கு ஆட்டோவில் வந்தாள். ஷமீர் ஜம்ஜம் தண்ணீர் கேனும் பேரீச்சம்பழமும் தூக்கி வந்தான். இந்த முறை சப்ரீன் அவளைப் பாயில் உட்கார வைத்தாள். வெளியே விடத் தோன்றவில்லை. முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

முகம் அவள் எதிர்பார்த்தபடி இல்லை. கறுத்திருந்தது, இளைத்திருந்தது, ஆனால் தெளிந்திருந்தது. ஹஃபீஸா பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பேசினாள். கூட்டத்தைப் பற்றி, ஷமீர் தொலைந்து கிடைத்ததைப் பற்றி, அங்கே சாப்பாட்டில் புளி இல்லாததைப் பற்றி. பிறகு நிறுத்தினாள்.

"அரஃபாவுல ஒங்கம்மாவத்தான் கூப்புட்டுக்கிட்டே கெடந்தேன். அசருக்குப் பொறவு ஒரு காத்து வந்துச்சு தாயி. அம்புட்டு வெயில்லயும் குளுந்த காத்து. சரி, பொருந்திட்டான்னு மனசு சொல்லிருச்சு. அதோட எந்திரிச்சிட்டேன்."

பழத்தை நீட்டினாள். சப்ரீன் வாங்கவில்லை. நாற்பது நாள் அவள் அனுப்பி வைத்த தண்டனையை இந்தக் கிழவி ஒரு காற்றில் உதறிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். இனி அந்தச் சொல்லை வைத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. வைத்திருந்ததைச் சொல்வதில்தான் இருந்தது.

"அது காத்து இல்ல பெரியம்மா," என்றாள். "அம்மா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. ஏப்ரல் பதினொண்ணு, மத்தியானம். பொருந்திக்கிட்டேன், ஹஃபீஸாக்காட்ட சொல்லிருன்னாங்க. நாந்தான் சொல்லல."

ஷமீர் சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். ஹஃபீஸாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லை, சின்னப் பெண்ணின் சந்தோஷம். சப்ரீன் அதைப் பார்த்தாள். பிறகு அது மெதுவாக அடங்கி வேறொன்று வந்தது.

"நான் தெருவுல நின்னு கேட்டப்ப ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"நான் அங்க மண்ணுல கெடந்தது?"

"வீடியோ பாத்தேன்."

ஹஃபீஸா பொட்டலத்தை மறுபடி மடித்தாள். விரலால் ஓரம் நீவி மடித்தாள். பெரிய வீட்டில் அடுப்படி வரிசை போட்ட பழைய ஹஃபீஸா அந்த விரல்களில் இருந்தாள். ஷமீரிடம் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் சப்ரீனைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தான். எதுவும் பேசாதே என்று அடக்கினாள். சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"அவ குடுத்துட்டா. எனக்கும் அவளுக்கும் தீந்துபோச்சு. அது அமானிதம், நம்பி ஒப்படைச்ச சொல்லு. செத்தவ ஒங் கையில குடுத்தத நீ எங்கிட்ட குடுக்கல. அதுக்கு இனி நீ ஒங்கம்மாட்ட கேக்க முடியாது. எங்கிட்டத்தான் வரணும்."

"நான் வரமாட்டேன் பெரியம்மா."

"நானும் அப்பிடித்தான் இருந்தேன். இருவத்தொம்பது வருசம்." வாசல்படியில் ஊன்றுகோலை வைத்து இறங்கினாள். "வா. ராஜபாளையத்துல வாசல் பெருசு. நாற்காலி வெளியதான் போடுவேன்."

ஆட்டோ கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் தன் வாசலில் நின்று சப்ரீனைப் பார்த்தாள்.

ஹஃபீஸாவுக்கு எழுபத்து நாலு வயது. இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட். சப்ரீனுக்கு முப்பத்தெட்டு. யார் முந்திப் போவார்கள் என்பதில் குழப்பம் இல்லை. போன பிறகு கேட்க ஆள் இருக்காது. அரஃபாவில் போய் மண்ணில் உட்கார்ந்தாலும் காற்று வரும் என்று நம்புகிற மனது அவளிடம் இல்லை. இதெல்லாம் சப்ரீனுக்குத் தெரிந்தது. ராஜபாளையம் பஸ் கால் மணி நேரத்துக்கு ஒன்று இருக்கிறது என்பதும் தெரிந்தது. அவள் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.